தபீதாளின் செடி

"சார், இது பொழைக்குமா?"

வாசலில் நின்றவர் கையில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். ஸ்ரீரங்கன் பாதிக் கதவைத்தான் திறந்திருந்தார். சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய அந்த வீட்டில் நாலு மாதமாகப் பால்காரருக்குக்கூட அந்தப் பாதிக் கதவுதான்.

"நீங்க யாரு?"

"பேரு தயாளன் சார். தாம்பரம் ஸ்டேஷன்ல பார்சல் கிளார்க். பின்னாடித் தெருவுல ஜாகை. நீங்க காலேஜ்ல பாட்டனி சொல்லிக் குடுத்தவர்னு சொன்னாங்க. இது ஆர்க்கிட் சார்."

"அதெல்லாம் விட்டாச்சு. வேற யாரையாவது பாருங்கோ."

பொய்யில்லை. மனைவி வேதா போனதிலிருந்து அவர் எதையும் தொடவில்லை. அவள் பந்தல் போட்டு வளர்த்த செடிகளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விடக்கூட மனசு வரவில்லை. எல்லாம் காய்ந்தபின் ஒருநாள் ஆத்திரம் ஆத்திரமாக வந்து, அத்தனையையும் வாரிக் குப்பையில் கொட்டினார். யார்மேல் ஆத்திரம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

கதவைச் சாத்தப் போனார்.

"என் சம்சாரம் தபீதாள் வளர்த்தது சார். அவ போயிட்டா. இதுவும் போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் மிச்சமில்ல."

சாத்தப் போன கை நின்றுவிட்டது.

பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே கரும்புச் சக்கை மாதிரி இரண்டு வற்றிய தண்டுகள். இலை ஒன்றுகூட இல்லை. வேர் தொட்டாலே பிய்ந்து வந்தது. என்ன ஜாதி என்று வாத்தியாருக்கே பிடிபடவில்லை.

"ஆர்க்கிட் நடற கரித்துண்டுல வெச்சாலும் இனிமே தேறாது. தண்ணியிலதான் வெச்சுப் பார்க்கணும்" என்றார்.

அழுகலை வெட்டி எறிந்தார். காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவி, தண்டின் அடி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கட்டி நிறுத்தினார். நாலு மாதம் சும்மா கிடந்த விரல்கள். முடிச்சு மூன்று தடவை நழுவியது.

"ரெண்டு நாள் தண்ணி, அஞ்சு நாள் வெறும் பாட்டில். அப்பத்தான் ஈரத்தைத் தேடிண்டு புது வேர் வரும். எப்பவும் தண்ணியிலயே நின்னா மறுபடியும் அழுகிடும். ஆனா எங்க கிணறு உப்பு. அது ஆகாது."

"எங்க சர்ச் கிணறு நல்ல தண்ணி சார். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் நான் கொண்டாந்து ஊத்தறேன். செவ்வாக்கிழமை நீங்க கொட்டிடுங்க."

"நீங்களே வீட்டுக்கு எடுத்துண்டு போகலாமே?"

"எனக்குக் கைராசி இல்ல சார்" என்று சொல்லிவிட்டுத் தயாளன் அவசரமாகப் படியிறங்கினார்.

ஞாயிறுதோறும் கூஜாவும் கையுமாக வந்தார். முதல் வாரம் நின்றபடியே ஊற்றிவிட்டுப் போனார். இரண்டாம் வாரம் நாற்காலி கிடைத்தது. மூன்றாம் வாரம் காப்பி. சகிக்காது, ஆனாலும் காப்பி. செவ்வாய் என்று ஒரு கிழமை இருப்பதே ஸ்ரீரங்கனுக்கு மறுபடி நினைவு வந்தது.

"தபீதாளம்மா இதை எப்படி வளர்த்தா?"

"பேசிக்கிட்டே இருப்பா சார். 'ஏண்டி, வெயில் சுடுதா? நாளைக்கு ஓலை மாத்தறேன்'னு. பெத்த பொண்ணுகிட்ட சொல்றாப்பல."

"வேதாவும் இப்படித்தான்!" என்றார் ஸ்ரீரங்கன். அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ நாளாகியிருந்தது. அன்று வேதாவைப் பற்றி மத்தியானம் வரை பேசினார். தயாளன் அசையாமல் கேட்டார்.

எட்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, தண்டின் அடியில் அரிசி முனை போலப் பச்சையாக ஒரு வேர். ஞாயிறு வரை யார் பொறுப்பது? தெருமுனை தாண்டாமல் இருந்த மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷன் வரை நடந்தார். மூச்சிரைக்கப் பார்சல் ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "வந்துடுத்து!" என்றார். வரிசையில் நின்றவர்கள் பேரக்குழந்தை என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுவருஷம் மாசியில் மொட்டு விட்டது. ஒரு சனிக்கிழமை பூத்தது.

மறுநாள் தயாளன் கூஜாவோடு வந்தபோது கதவு முழுசாகத் திறந்திருந்தது. ஸ்ரீரங்கன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி தூங்கியவர் முகமாக இல்லை.

"தயாளன், ஏற்காட்டுலேர்ந்து வேதா ஒரு செடி கொண்டுவந்தா. வெள்ளைப் பூ. அஞ்சு இதழ்ல ஒரே ஒரு இதழ் ஓரம் மட்டும் எப்பவும் மடங்கித்தான் விரியும். திருஷ்டி கழிஞ்சதுன்னு சிரிப்பா. அந்த மாதிரி இன்னொண்ணை நான் எங்கயும் பார்த்ததில்லே."

சொல்லிவிட்டு உள்ளே கையைக் காட்டினார். ஜன்னலில், ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மேலே, ஓர் இதழ் மடங்கிய வெள்ளைப் பூ.

தயாளன் கூஜாவைக் கீழே வைத்தார்.

"நீங்க கொட்டின குப்பையிலேருந்து எடுத்ததுதான் சார். வேலைக்குப் போறப்போ உங்க வீட்டம்மா செடிங்ககிட்ட பேசறதை வேலிக்கு அந்தாண்ட நின்னு கேட்டிருக்கேன். அப்புறம் நீங்க கதவைச் சாத்திக்கிட்டீங்க. தட்டறதுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது."

"அப்போ தபீதாளம்மா செடியே வளர்க்கலையா?"

தயாளன் கீழே வைத்த கூஜாவை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமையானா எனக்கும் போறதுக்கு ஒரு வீடு இல்ல சார்" என்றார். "எனக்குக் கல்யாணமே ஆகல."