தனி அலமாரி

தலித் எழுத்தாளர்களுக்கென்று பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு தனி அலமாரி வைத்தார்கள். யோசனை நூலகர் குருநாதனுடையது. துணைவேந்தர் ரிப்பன் வெட்டி, சமூகநீதி பற்றி உருக்கமாகப் பேசிவிட்டுப் போனார். கூட்டம் காப்பிக்கு நகர்ந்ததும், தாவரவியல் பேராசிரியை பொற்கொடி கண்ணாடிக் கதவைத் திறந்து, நாவல்களுக்கு நடுவே இருந்த தன் புத்தகத்தை உருவி எடுத்தார். குளத்துப் பாசிகளைப் பற்றிய ஆராய்ச்சி நூல் அது.

"உங்க புக் இல்லாம எப்படி மேடம்?" குருநாதனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பொற்கொடி முன்னுரையைப் புரட்டினார், பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இதுல பாசியைப் பத்தி மட்டும்தானே சார் எழுதியிருக்கேன். மத்ததை யார்கிட்ட விசாரிச்சீங்க?"

பொற்கொடி புத்தகத்தை அவரிடம் நீட்டியபடியே நின்றார். விசாரித்தபோது தன் குரல் தானாகவே தாழ்ந்துபோனது குருநாதனுக்கு நினைவு வந்தது.