இடது பக்கத்துத் திமிங்கிலம்

படகு சரிந்தது. எல்லோரும் இடது பக்கம் ஓடியிருந்தார்கள்.

அவர் ஓடவில்லை. அவர் எதற்கும் ஓடுகிறவர் இல்லை. வெள்ளைச் சட்டைக்கு மேல் செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி. அதற்குள்ளும் முதுகு நேராகத்தான் இருந்தது.

தலையை மட்டும் திருப்பினார்.

கடல். அதன் மேல் ஒரு வெள்ளை. வெள்ளைக்குள் ஒன்றும் இல்லை.

பேத்தி ஆரணி கத்தினாள். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். முன்பின் தெரியாத இருவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கோ ஒரு பெரிய மூச்சு. முகத்தில் ஈரம் தெறித்தது.

பிறகு அமைதி.

"கண்டனீங்களோ அப்பப்பா?"

"கண்டனான்."

அறுபத்தொன்பது வயதில் அவர் சொன்ன முதல் பொய்.

தை மாதம் கண் வைத்தியர் சொன்னதை அவர் வீட்டில் சொல்லவில்லை. பார்வையில் இடது பக்கம் மூடிவிட்டது. நடுவும் மங்கிக்கொண்டு வருகிறது. இனிக் கார் ஓட்டாதீர்கள். சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது என்று எண்ணியிருந்தார்.

திருகோணமலையில் அது மூன்றாம் நாள். கட்டாரில் இருக்கும் மகன் ஒழுங்கு செய்த விடுமுறை. காலையில்தான் ஆரணி சொன்னாள், அப்பப்பாவின்ர குறட்டை அலையை விடப் பெரிசு என்று.

"எங்கட குடும்பத்தில குறட்டை விடுற ஆக்கள் இல்லை" என்றார். சிரிக்கவில்லை.

மத்தியானம் புறப்பட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு ஐந்து மணித்தியாலம்.

அவர்தான் ஓட்டினார். ஆண்கள் இருக்கும்போது அந்த வீட்டுப் பெண்கள் கார் ஓட்டுவதில்லை. மருமகளின் லைசென்ஸ் கலியாணத்துக்கு முன்பிருந்தே கைப்பையில் கிடந்தது.

ஊரில், வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கையில், பக்கத்து வீட்டுத் தபாலதிபர் சிவகுருவை அவருடைய மனைவி காரில் கூட்டிவந்த அன்று, இவர் வாசல் படலையில் நின்று சொன்னது:

"மனிசி ஓட்ட, இவர் அரிசி மூடை மாதிரி இருந்து வாறார்."

ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

வெயில் வீதியில் உருகிக் கிடந்தது. தூரத்தில் தண்ணீர் போல ஏதோ. கிட்டப் போனால் இல்லை.

பக்கத்தில் இருந்த மருமகள் பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தாள். பின்னால் இருக்கும் பிள்ளைக்கு எழுத்துக் காட்டுகிறாள் என்று நினைத்தார்.

ஹொரவப்பொத்தானை. யானை கடக்கும் இடம். வளைவு.

பலகை இல்லாத இடத்திலும் வாசித்தாள்.

இடது பக்கம் மாடு. இடது பக்கம் சைக்கிளில ரெண்டு பேர்.

அவருக்குக் காது சுட்டது. வாசிப்பது பிள்ளைக்கு அல்ல.

"அப்பப்பா, திமிங்கிலம் எப்பிடி இருந்தது? சொல்லுங்கோ."

அவர் வீதியைப் பார்த்தபடி சொன்னார். வால் கோயில் கதவு மாதிரி இரண்டாய் விரிந்தது. அதில் தண்ணீர் வழிந்தது. வழிந்த தண்ணீரில் வெயில்.

"வாலே தெரியேல்லையே! முதுகு மட்டும்தானே வந்தது!"

கார் கொஞ்ச தூரம் போனது.

"அப்பப்பா கண்டது வேறை திமிங்கிலம், பிள்ளை" என்றாள் மருமகள்.

வவுனியா போனது. ஆரணி கேள்விகளை நிறுத்திவிட்டு யன்னலில் சாய்ந்தாள்.

"இடது பக்கம்..."

முடிக்கவில்லை. மருமகளின் கை ஸ்டியரிங்கில் இருந்தது. பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு ஒரு சைக்கிள் கைபிடி போனது.

அந்த மனிதனை அவர் பின்பார்வைக் கண்ணாடியில்தான் கண்டார். ஒரு கால் நிலத்தில். முன் கம்பியில் ஒரு குழந்தை. குழந்தை காரைப் பார்த்துக் கை காட்டியது.

மாங்குளத்தில் காரை நிறுத்தினார்.

"எனக்கு நித்திரை வருது. நீ ஓட்டு."

பகலில் அவர் கண் மூடி அந்த வீட்டில் யாரும் கண்டதில்லை.

இறங்கினார். முதுகு நேராக, காரின் முன்பக்கத்தைச் சுற்றி நடந்தார். எதிரே அவள் வந்தாள். இருவரும் வீதியைப் பார்த்துக்கொண்டு கடந்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டார். கார் படகு மாதிரி அசைந்தது.

"அம்மா, அப்பப்பா நித்திரை இல்லை. குறட்டை விடேல்லை."

"கதையாதை."

அவள் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தாள். இப்போது அது யாருக்கும் தேவையில்லை. கிளிநொச்சி. பரந்தன். குரல் தாழ்ந்து, பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில்.

ஆனையிறவு. ரெண்டு பக்கமும் தண்ணி.

இமைக்குள் தண்ணீர் வந்தது. இடது பக்கம் அது எழும்பியது. கறுப்பாக, கரை முழுக்க, முடிவில்லாமல். அவசரப்படவில்லை. அது எதற்கும் ஓடுகிறது இல்லை. வால் கடைசியாக வந்தது. கதவு மாதிரித்தான்.

கார் நின்றது. எஞ்சின் அடங்கியது.

"மாமா."

வேப்பம்பூ வாசம். ஒழுங்கை முகப்பு. வீடு நூறு அடிதான். அதற்கு முந்திய படலையில், இந்த மாலை நேரத்தில், தபாலதிபர் கதிரை போட்டு அமர்ந்திருப்பார். அது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

உள்ளங்கையில் ஏதோ குளிர்ந்தது. சாவி.

"இனிக் கிட்டத்தானே மாமா. நீங்கள் ஓட்டுங்கோ."

அவர் விரல்கள் மூடவில்லை.

சாவி அப்படியே கிடந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவள் அதை எடுத்தாள். எஞ்சின் உறுமியது. கார் ஒழுங்கைக்குள் திரும்பியது.

வாழ்நாள் முழுக்க நேராக இருந்த முதுகை அவர் இருக்கையில் நன்றாகச் சாய்த்தார். வாயைக் கொஞ்சம் திறந்தார்.

பெரிதாக ஒரு குறட்டை விட்டார்.

ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.