பௌர்ணமிச் சட்டை

சென்ட் அடித்துக்கொண்டு திரும்பிய வேகத்தில் ஜெயபிரகாஷின் முழங்கை இடித்து, சோபாக் கடை பில் மேசையில் அலங்காரத்துக்கு வைத்திருந்த புத்தர் கீழே விழுந்தார். ஒரு காது போயிற்று. சரியாக அப்போதுதான் வெண்மதி டீச்சர் உள்ளே வந்தாள்.

பௌர்ணமிதோறும் வருவாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, அவன் மேசைக்கு எதிரே குனிந்த தலையோடு பத்து நிமிஷம் நிற்பாள். எதுவும் வாங்காமல் போய்விடுவாள். வெட்கம் என்று நினைத்து, எட்டு மாதமாக ஜெயபிரகாஷும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி புதுச்சட்டை போட்டான்.

இன்று அவள் அழுதாள்.

"பொம்மைதானே, அழாதீங்க டீச்சர். நேராவே கேக்கறேன், நீங்க யாரைப் பாக்க வர்றீங்க?"

உடைந்த காதை அவள் முந்தானையில் துடைத்தாள்.

"இவரைத்தாங்க. நாங்க பௌத்தம். கும்பிட இந்த ஊர்ல எனக்கு வேற இடம் தெரியலீங்க, உங்க கடைதான்."