முக்கால் மணி நேரம்

"கண்ணைத் தொறந்து அவரைப் பாருங்க. பாத்துக் கத்துக்கங்க."

மேஜை மேல் குனிந்து கணவன் ராஜாவிடம் கிசுகிசுத்துவிட்டு, போதாதென்று மேஜைக்கு அடியில் அவன் காலையும் ஒரு மிதி மிதித்தாள் மணிமேகலை.

எதிர் பெஞ்சில், ராஜாவுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த சென்னப்பன், மனைவி அமுதவல்லிக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முள்ளாக. பொறுமையாக.

"பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றான் ராஜா. சொல்லிவிட்டு ரசத்தைக் குடித்தான்.

மணிமேகலையும் அமுதாவும் இண்டூர் ஸ்கூலில் ஏழு வருஷம் ஒரே பெஞ்ச். கல்யாணமாகி ஒருத்தி தருமபுரி, இன்னொருத்தி ஓசூர். போன மாசம் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்துக் கட்டிக்கொண்டு அழுததில் முடிவானதுதான் இந்த சனி, ஞாயிறு ஒகேனக்கல் டூர்.

வந்த இடத்தில் மணிமேகலைக்குப் பழைய கதை பேசவே மனசு ஓடவில்லை. கண்ணெல்லாம் சிநேகிதியின் புருஷன் மேல்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அமுதாவின் கைப்பை சென்னப்பன் தோளில். பொம்பளை பையை மாட்டிக்கொண்டு நடக்கிறோமே என்ற கூச்சமே இல்லை! இங்கே மணிமேகலை கையில் ரெண்டு பை, தண்ணி பாட்டில், போதாக்குறைக்கு ராஜாவின் துண்டு.

அமுதாவைக் கேட்டால் சென்னப்பன்தான் பதில் சொன்னான். "அவளுக்குக் காபி ஆகாதுங்க." "பரிசல் வேணாங்க, அவளுக்குத் தண்ணின்னா பயம்."

ஸ்கூல் காம்பவுண்டு ஏறிக் குதித்தவளுக்குப் பயமாம்! பொத்திப் பொத்தி வைத்தால் யாருக்குத்தான் பயம் வராது? மணிமேகலைக்கு வயிறு பற்றி எரிந்தது.

அப்போது பைக்குள் அமுதாவின் போன் அடித்தது. சென்னப்பன் எடுத்துப் பார்த்துவிட்டு கட் பண்ணினான்.

"யாருங்க?" என்றாள் அமுதா மெதுவாக.

"ஏதோ கம்பெனிக்காரன். நீ சாப்பிடு."

பெண்டாட்டி சாப்பிடும்போது ஒரு போன்கூடத் தொந்தரவு பண்ணக் கூடாதாம்! ராஜா என்னடாவென்றால் சோற்றுக் கையோடு, "காயில் போயிருக்கும், மோட்டாரைக் கழட்டி வைப்பா" என்று தன் மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போனில் கத்திக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை, டீக்கடையை விட்டு வந்ததும் ராஜா ஆரம்பித்தான்.

"மாப்ளே, வாங்க. எண்ணெ தேச்சுக்கலாம்."

"வேணாங்க. அமுதா தனியா நிப்பா."

"எம் பொண்டாட்டி கூட இருக்காளே? இங்கதாங்க, கண்ணுக்கு எட்டற தூரம். ஒகேனக்கல் வந்துட்டு எண்ணெ தேச்சுக்காம போனா ஊர்ல கேட்டாச் சிரிப்பாங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டான். அரை டிராயரோடு பாறையில் படுக்கும்போதுகூட சென்னப்பன் அமுதாவின் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தான்.

மசாஜ்காரர் ஒரு கிண்ணம் எண்ணெயை அவன் உச்சந்தலையில் ஊற்றினார். "கண்ணைத் தொறக்காதீங்க சார், எரியும்."

மணிமேகலைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"பாத்தியாடி? ரெண்டு பொம்பளைங்களை வெயில்ல நிக்க வெச்சுட்டு எம் புருஷன் எண்ணெ தேய்க்கப் போயிட்டாரு. நல்லா இருக்கற உன் வூட்டுக்காரரையும் கெடுக்கறாரு. சும்மா சொல்லக் கூடாதுடி, ரெண்டு நாளா உன்னைப் பாத்து எனக்குப் பொறாமையா இருக்கு. உனக்கு வாச்சது மாதிரி எனக்கு ஏன்டி வாய்க்கலை?"

அமுதா பாறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"மணி, உன் போனைக் குடு."

"செல்பியா?"

"எங்கம்மாகிட்ட பேசணும்."

"உன் போன்லயே பேசேன்."

"அது அந்தப் பையில இருக்கு. பையை எங்கிட்ட எப்பக் குடுத்தாரு?" நம்பரை மனப்பாடமாகத் தட்டிக்கொண்டே சொன்னாள். "அம்மாவுக்கும் அவருக்கும் ஒரு பேச்சு ஆகிப்போச்சு. அதுலயிருந்து எங்கூட்டு ஆளுங்க யார்கிட்டயும் நான் பேசக் கூடாது. எட்டு மாசமாச்சு மணி. நேத்து கட் பண்ணாரே, அது கம்பெனிக்காரன் இல்ல. எங்கம்மா."

முள் எடுத்த கை, சுமந்த பை, முந்திக்கொண்டு சொன்ன பதில் எல்லாம் மணிமேகலைக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தண்ணிக்குப் பயப்படுகிறவளா இவள்?

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் பேசுடி" என்று பதறினாள் மணிமேகலை. "அந்தாளு எழுந்து வந்துடப் போறான்."

"வரமாட்டாரு" என்றாள் அமுதா. கண் கலங்கியிருந்தது; முகத்தில் பழைய இண்டூர் சிரிப்பும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. "நேத்து போன் அடிச்சப்ப, 'அம்மா'ன்னு வந்ததை ராஜா அண்ணன் பக்கத்துல இருந்து பாத்திருக்காரு. காலைல டீ கிளாஸைக் கையில குடுக்கறப்பவே மெல்ல சொல்லிட்டாரு. 'முக்கா மணி நேரம் மாப்ளையை எந்திரிக்க விடமாட்டேன். மணி போன்ல நீ பேசிக்கம்மா'ன்னு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்று நேற்று ராஜா சொன்னது மணிமேகலைக்கு இப்போதுதான் காதில் விழுந்தது.

"அம்மா... நான் அமுதா பேசறேம்மா" என்று இங்கே குரல் உடைந்த நேரத்தில், பாறைப் பக்கமிருந்து ராஜா கத்துவது கேட்டது:

"அண்ணே, மாப்ளைக்கு இன்னொரு கிண்ணம் ஊத்துங்க! கண்ணுகிட்ட நல்லா அழுத்தித் தேயுங்க!"