நாலு சக்கரமும் இழுக்கும்

“குளிர்கால டயரை அக்டோபர்ல மாட்டி ஈஸ்டருக்குக் கழட்டுறதுதான் எங்க மலையில வழக்கம். அது இல்லாம கீழ இறங்காதீங்க சார்,” என்றாள் டயர் கடைக்காரி செராய்னா.

ஆண்ட்ரி தன் புது ஸ்போர்ட்ஸ் காரைத் தட்டிக் காட்டினான். “நாலு சக்கரமும் இழுக்குற வண்டிம்மா இது!”

“இழுக்கும் சார். ஆனா பனியில பிரேக் போட்டா நிக்காது.”

“பயமுறுத்தியே நாலு டயரை என் தலையில கட்டப் பாக்குற. ஜூரிச்சுக்காரன்னா இளிச்சவாயனா?”

“உங்க இஷ்டம்.”

மூன்றாவது வளைவிலேயே கார் வழுக்கிக்கொண்டு போய்ப் பாறையில் மோதியது. ஆண்ட்ரிக்குக் காயமில்லை, காரின் மூக்குதான் போயிற்று.

போன் செய்த அரைமணியில் இழுவை வண்டி வந்தது. ஓட்டி வந்தவள் செராய்னா.

“ஏறுங்க சார். இந்த வண்டியும் என்னோடது, ஒடுக்கெடுக்குற பட்டறையும் என்னோடது. நான் காசுக்கு அலையிறவளா இருந்தா, டயர் பேச்சையே எடுத்திருப்பேனா?”