தொண்ணூறாம் நாளுக்குப் பிறகு

“இன்னைக்கும் விட மாட்டீங்களா தம்பி?”

“மூக்குல லேசா நீர் வடியுது பெரியவரே. இன்னும் பதினைஞ்சு நாள் போகட்டும்.”

ஆமைக் காப்பக ஊழியன் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனான். பெரியவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதிதாக வரும் ஆமையைத் தொண்ணூறு நாள் தனி அறையில் வைத்துப் பார்த்த பிறகே மற்ற ஆமைகளோடு சேர்ப்பார்கள். வந்ததற்கு நோய் ஏதும் இருந்தால், உள்ளே இருக்கிற நாற்பதுக்கும் தொற்றிவிடும். அது நியாயம்தான். முப்பது வருடம் பஸ் ஓட்டியவருக்கு, ஏறுகிற ஒருவர் இருமினால் என்ன ஆகும் என்று தெரியாதா?

ஆனால் தொண்ணூறு நாள் முடிந்து ஐந்து மாதம் ஓடிவிட்டது. முதலில் எடை குறைவு என்றான். பிறகு பரிசோதனை முடிவு வரவில்லை என்றான். இப்போது மூக்கு. வாரத்துக்கு ஒரு சாக்கு கைவசம் வைத்திருந்தான்.

பெரியவர் செருப்பை மருந்துத் தண்ணீரில் நனைத்து, கையுறை மாட்டிக்கொண்டு அறைக்குள் போனார். வைக்கோல் பரப்பிய மரப்பெட்டி. மேலே சூட்டுக்கு ஒரு விளக்கு. உள்ளே மாப்பிள்ளை.

அந்தப் பெயரை வைத்தது அவர் மனைவி. முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால், வேலை விட்டு வரும் வழியில் நடுரோட்டில் கிடந்ததைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்து வந்தாள்.

“ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்வாங்கடி.”

“உங்களையே சமாளிச்ச வீடு. இந்த ஆமை என்ன பண்ணிடப் போகுது?”

ஒரே வாரத்தில் பெயரும் வைத்துவிட்டாள். “சாப்பிடுது, தூங்குது, ஏதாவது கேட்டா கழுத்தை உள்ள இழுத்துக்குது. மாப்பிள்ளையேதான்.” பிற்காலத்தில் மகளுக்குக் கல்யாணமாகி, நிஜ மாப்பிள்ளை வீட்டுக்கு வரும் நாட்களில் மட்டும் ‘ஏய்’ என்று அடக்கி வாசிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, பழைய பல் பிரஷ்ஷால் ஓட்டைத் தேய்த்துவிடுவாள். இவர் பக்கத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். வாரம் முழுக்கப் பேசாததையெல்லாம் இருவரும் அப்போதுதான் பேசுவார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வேலை இவருடையது. கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து ஓட்டைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்பிப்பார். லிஃப்ட் மறுபடி நின்றுபோனது, மகள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து நின்றது, எல்லாம்.

“அரை மணி நேரம்தான்” என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போகும் ஊழியன் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எட்டிப் பார்ப்பான். வேலையில் அவ்வளவு அக்கறை என்று பெரியவர் பல்லைக் கடித்துக்கொள்வார்.

போன வருடம் ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்க வாங்க அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “நான் போயிட்டா மாப்பிள்ளை ஒத்தையாயிடும். அதுக்கு நாலு துணை இருக்கிற இடமாப் பார்த்து விடுங்க.”

மகளின் ஐந்தாவது மாடி வீட்டில் ஆமைக்கு மண் ஏது? பழைய வீட்டைக் காலி செய்த அன்றே இங்கே கொண்டுவந்து விட்டார். எட்டு மாதமாயிற்று. துணை கிடைத்தபாடில்லை. அவளுக்குக் கொடுத்த வாக்கின் குறுக்கே ஒரு சிடுமூஞ்சி கல்லாட்டம் நின்றுகொண்டிருந்தான்.

இதற்கு மேல் பொறுப்பதில்லை என்று எழுந்து, புதிதாகப் பொறுப்பேற்றிருந்த டாக்டரம்மாவின் அறைக்கு நேராகப் போனார்.

“என் காலம் முடியறதுக்குள்ள அது நாலு பேரோட இருக்கிறதைப் பார்த்துடணும்மா. அந்த ஆள் வேணும்னே அடைச்சு வெச்சிருக்கார். ஆமைன்னாலும் உயிர்தானே?”

டாக்டர் கூடவே வந்தார். மாப்பிள்ளையைத் தூக்கி மூக்கைப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். எடை போட்டார். ஊழியனைக் கூப்பிட்டார்.

“இதுக்கு ஒரு கேடும் இல்லையே. பரிசோதனை முடிவு வந்தே அஞ்சு மாசம் ஆச்சு. ஏன் மாத்தலை?”

அவன் குனிந்து பெட்டியின் வைக்கோலைச் சரிசெய்தான்.

“என்கிட்ட வாரா வாரம் அளந்தீங்களே, அதை இப்ப டாக்டரம்மாகிட்ட அளங்க தம்பி,” என்றார் பெரியவர். அவருக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது.

“இன்னைக்கே கூட்டத்துல விட்டுடுங்க,” என்று அவனிடம் சொல்லிவிட்டு டாக்டர் பெரியவர் பக்கம் திரும்பினார். “மன்னிச்சுக்குங்க ஐயா. இனிமே எப்ப வேணும்னாலும் வந்து வேலிக்கு வெளியில நின்னு பார்க்கலாம்.”

“வெளியில நின்னா? குளிப்பாட்டறது?”

“அது முடியாதுங்க. கூட்டத்துல சேர்ந்தப்புறம் வெளி ஆட்கள் உள்ள போகக் கூடாது, தொடவும் கூடாது. இந்த அறையில இருக்கிற வரைக்கும்தான் வளர்த்தவங்களுக்கு அனுமதி.”

கையுறையைக் கழற்றப் போன பெரியவர் அப்படியே நின்றார்.

டாக்டருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. “வயசானவர்கிட்டப் பொய் சொல்லி, வாயில்லாத ஜீவனை இத்தனை மாசம் தனியாப் போட்டு வெச்சிருக்கீங்களே, மனசாட்சி வேண்டாமா?”

ஊழியன் குனிந்து மாப்பிள்ளையை இரண்டு கைகளாலும் எடுத்தான். வேலி வரைக்கும் தூக்கிக்கொண்டு வரட்டும் என்பதுபோல் பெரியவரிடம் கொடுத்தான்.

“ஆமைக்குத் தனியா இருக்கத் தெரியும் டாக்டர்,” என்றான், பெரியவரைப் பார்க்காமல்.