இன்னொரு தீனதயாளன்

“இந்தப் போட்டோவுல இருக்கிறவரத் தெரியுமாண்ணே?”

வெள்ளிமலை டீக்கடையில் ஜெயசுதா நீட்டிய செல்போனை வாங்கிப் பார்த்ததும் கடைக்காரர் காத்தான் முகம் மலர்ந்தார்.

“புளி வாங்க வர்ற தீனதயாளனாச்சே! நீ யாரும்மா?”

“அவரு சம்சாரம். மணலூர்பேட்டை. போன வாரத்துலேர்ந்து வூட்டுக்கு வரல.”

காத்தான் பதறிப்போய் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

“உக்காரும்மா. தங்கமான மனுசனாச்சே!”

“கோவம் வந்தா கை நீட்டுவாரே... நீங்க பார்த்ததில்லையா?”

“யாரு, அவரா? எடையில ஏமாத்துறாங்கன்னா எங்க ஆளுங்களுக்காகச் சண்டை போடுவாரு. மத்தபடி அதட்டிக்கூடப் பேச மாட்டாரு.”

ஜெயசுதா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அங்கே சூட்டுக்கோல் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை.

“மேல மூக்காயி வூட்ல கேட்டுப் பாரு. மலைக்கு வந்தா அங்கதான் சாப்புடுவாரு.”

மேட்டில் ஏறும்போதே பனி இறங்கிவிட்டது. பட்டப்பகலிலும் எதிரே வருபவர் முகம் தெரியவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் மூக்காயி திடுக்கிட்டுப் போனாள்.

“என் பொண்ணு சங்கவி காய்ச்சல்ல கெடந்தப்ப தோள்ல தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுனவரும்மா. பஸ்ஸு வர்றவரைக்கும் பாட்டுப் பாடிக்கினே இருந்தாரு.”

“அவரு பாடுவாரா?”

“பாட்டும் சிரிப்பும்தான். மாமா எப்படிச் சிரிப்பாரு, காட்டுடி.”

கதவோரம் நின்றிருந்த சிறுமி சங்கவி தலையைப் பின்னால் சாய்த்து, ஆண்குரலில் கரகரவென்று சிரித்தாள். ஜெயசுதா ஓரடி பின்வாங்கினாள். குரல் அவருடையதுதான். ஆனால் அந்தச் சிரிப்பை அவள் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.

“நிறுத்தச் சொல்லுங்க!”

சிறுமி பயந்து நிறுத்தினாள். வெளியே பனிக்குள் எங்கோ அந்தச் சிரிப்பு நீள்வதுபோல் இருந்தது.

“அக்கா, ஒரே ஒரு தடவ... அவன் கெட்டவன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா? நல்லா யோசிச்சுப் பாருங்க.”

மூக்காயி அவளை விநோதமாகப் பார்த்தாள்.

“இன்னாம்மா கேள்வி இது? புருசனத் தேடிக்கினு வந்தியா, இல்ல குத்தம் தேடிக்கினு வந்தியா?”

ஜெயசுதா படியிறங்கினாள்.

தீனதயாளனைத் தேட வேண்டிய அவசியமே அவளுக்கில்லை. கரும்புத் தோட்டத்துப் பாழுங்கிணற்றில், அவள் தள்ளிவிட்ட இடத்திலேயே கிடக்கிறார். ‘அவன் செத்தது நல்லதுதான்’ என்று சொல்ல ஓர் ஆளாவது கிடைக்காதா என்றுதான் மலையேறி வந்திருந்தாள்.